கட்டியக்காரனோடு ஓர் இரவு

நம்மைக் கூத்துக்கு அழைத்தவர் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் இடையே நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர். முப்பது வயதைத் தாண்டியிராத இளைஞர். 2024ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு மாலை, வண்டியில் வேறு எவரும் இல்லாத வேளையில், "சார், இன்னிக்கு ராத்திரி துகில் கூத்து. நம்ம கட்டியக்காரர்தான் ஆடுறாரு. வரீங்களா?" என்று கேட்டார். "நம்ம கட்டியக்காரர்" என்று அவர் சொன்ன தொனியில், திரைப்பட நடிகரைச் சொல்லும் இரசிகனின் பெருமிதம் இருந்தது. அந்தக் கலைஞர் எந்த ஊரில் ஆடினாலும் அங்கே போய்விடுவாராம். அவருடைய பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, பயணிகள் இல்லாத நேரத்தில் போட்டுக் கேட்பாராம். "கர்ணனுக்கு அழறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க சார். எனக்குக் கட்டியக்காரர் போதும்" என்றார்.

வருவதாக ஒப்புக்கொண்டோம். அவருக்கும் நமக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அதைப் பிறகு சொல்வோம்.

கட்டியக்காரன் நமக்கும் அந்நியன் அல்லன். நாம் பிறந்து வளர்ந்தது தென்மாவட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்றில். திருவிழாக் காலத்தில் கோவில் மைதானத்தில் ஞானசௌந்தரியோ எஸ்தாக்கியாரோ நாடகமாக நடக்கும். அரசனும் அரசியும் அழும்போது நாம் உறங்கிவிடுவோம். கட்டியக்காரன் வரும்போது எழுப்பிவிடுமாறு அன்னையிடம் சொல்லி வைத்துவிட்டே உறங்குவோம். அவன் வேதசாட்சியின் கதைக்கு நடுவே நின்றுகொண்டு எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரின் எடைக்கல்லைப் பற்றிப் பேசுவான். கடல் கடந்த மன்னாரிலும் இத்தகைய கூத்துகள் வேரூன்றியிருந்தன. அங்கு ஆடப்பெற்ற மூவிராசர் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார். மதம் எதுவாயினும், கதை எந்நாட்டினதாயினும், அரசன் வருமுன் அவனுக்குக் கட்டியம் கூற ஒருவன் வேண்டும். அவனே அரசனைக் கேலி செய்யவும் வேண்டும். இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இரவு ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டோம். ஒரகடத்தின் இரவை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: அங்கே இருள் என்பது அரிது. ஏரிகளும் நெல்வயல்களும் நிலக்கடலைக் கொல்லைகளுமாய் இருந்த இந்தக் காஞ்சிபுரத்துப் பூமியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை திறந்தது. 2014இல் அது மூடியும் போயிற்று. 2010 முதல் ஒரகடத்திலேயே கார்கள் உருவாயின; பின்னர் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. இவற்றுக்கெல்லாம் உறுப்புகள் செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏரிக்கரை வரை பரவியிருக்கின்றன. நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்துகள் ஓடும். வாலாஜாபாத் சாலையிலிருந்து கிளைச்சாலையில் திரும்பிய பிறகே நமக்கு விண்மீன்கள் தெரிந்தன. தொலைவில் டோலக்கின் ஒலியும் கேட்டது.

திரௌபதியம்மன் கோவிலின் பாரத விழா அது. இந்த வட்டாரத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரையிலும் ஊர் மாற்றி ஊர் இவ்விழா நடக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, பல நாள் சென்றபின், களிமண்ணால் தரையில் பிரம்மாண்டமாய்க் கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், அன்று மாலை தீமிதி. கூத்தின் பெயரைப் பற்றியே அறிஞரிடையே வழக்கு உண்டு. 1990இல் காஞ்சிபுரத்தில் சங்கம் கண்ட பெ. இராஜகோபாலும் அவருடைய தோழர்களும் இதனைக் கட்டைக்கூத்து என்றே அழைத்தனர். மரக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து ஆடுவதால் அப்பெயர். புஞ்சை அரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துப் பயின்றனர். புரிசைத் தம்பிரான் பரம்பரையினரோ தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையோடு தாங்குகின்றனர். நம்முடைய ஓட்டுநர் நண்பரிடம் இவ்வழக்கைச் சொன்னோம். "கட்டியக்காரருக்குத்தான் கட்டையே கெடையாதே சார், குல்லாதானே" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

உண்மைதான். களரி கட்டி முடிந்து, மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஓய்ந்தபோது, கூம்புக் குல்லாயும் பல நிறத் துண்டுகள் தைத்த சட்டையுமாய் ஒருவர் குதித்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடல். பின்னால் இருவர் திரை பிடித்தனர். திரைக்குப் பின்னிருந்து ஒரு கம்பீரமான குரல் விருத்தம் பாடிற்று.

"யாருப்பா அது, துணிக்குப் பின்னால நின்னு சத்தம் போடறது?"

"அடே கட்டியக்காரா! அஸ்தினாபுரத்தை ஆளும் துரியோதன மகாராசன் நான்!"

"அஸ்தினாபுரமா? குரோம்பேட்டையில எறங்கிப் போவணுமே, அதுவா? நேத்துதான் போயிட்டு வந்தேன் மகராசா. கிரவுண்டு ஒரு கோடி சொல்றான். ஆளறது இருக்கட்டும், பட்டா யார் பேர்ல இருக்குது?"

கூட்டம் அதிர்ந்தது. திரை விலகிற்று. செந்நிற முகமும் சிறகு போல் விரிந்த புஜக்கட்டையுமாய் நின்ற துரியோதனன் சிரிக்கவில்லை. அதை நாம் கூர்ந்து கவனித்தோம். அரசனாக ஆடுகிறவர் ஒரு கணம் புன்னகைத்தாலும் ஆட்டம் கெட்டுவிடும். அவர் உண்மையாகவே அஸ்தினாபுரத்தில் நிற்கிறார். கட்டியக்காரரோ அஸ்தினாபுரத்திலும் ஒரகடத்திலும் ஒரே வேளையில் நிற்கிறார். நகைச்சுவை முழுவதும் அந்த ஒரு சாண் இடைவெளியில் பிறக்கிறது. பாரிஸ் மாநகரில் ஆந்திரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டது 1924இல். கனவும் நனவும் கலந்த ஒரு மேலான மெய்ம்மையை அவர் தேடினார். கட்டியக்காரர்கள் அறிக்கை ஒன்றும் எழுதவில்லை. சென்னைச் சபா மேடையில் சோ 1968இல் துக்ளக்கை நிகழ்காலத் தில்லிக்குக் கொண்டுவந்ததும் இதே வித்தையின் உறவினம்தான் என்பது நமது எண்ணம். ஆனால் சபாவில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவன் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அது முடியாது. ஏன் என்பதை விடியுமுன் அறிந்தோம்.

பாண்டவரின் செல்வத்தைக் கண்டு துரியோதனன் பொருமும் கட்டம் வந்தது. கட்டியக்காரர் அவனுக்கு ஆறுதல் சொல்லும் பாவனையில் நெருங்கினார்.

"மகராசா, காண்டவ வனத்தைக் கொளுத்திட்டுத்தானே இந்திரப்பிரஸ்தம் கட்டினாங்க? அங்க இருந்த பாம்புக்கு, பட்சிக்கெல்லாம் ஏக்கருக்கு என்ன குடுத்தாங்க? வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்களே, தட்சகன் பையனுக்கு வேலை கெடைச்சுதா?"

"கிடைத்ததா?"

"கெடைச்சுது, கெடைச்சுது. கர்ணன்கிட்ட அம்பா சேத்துக்கிட்டாங்க. ஆனா ஒரே தரந்தான் விடுவாங்களாம். கான்ட்ராக்ட்டு!"

படித்தவர் கூடச் சற்று நின்று யோசிக்க வேண்டிய நகைச்சுவை இது. காண்டவ வனத் தீயில் தப்பிய நாகம் அசுவசேனன் என்பதும், அவனே பின்னாளில் கர்ணனின் நாகாஸ்திரம் ஆனான் என்பதும், அதை இரண்டாம் முறை எய்வதில்லை எனக் கர்ணன் குந்திக்கு வாக்களித்தான் என்பதும் தெரிந்தால்தான் சிரிக்க இயலும். தரையில் பாய் விரித்து அமர்ந்திருந்த அம்மக்கள் ஒரு நொடியும் தாமதியாமல் சிரித்தனர். நமக்கு இடப்புறம் இருந்த முதியவர் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவருடைய நிலம் போனதா, எவ்வளவுக்குப் போனது என்று நாம் கேட்கவில்லை. அவருடைய சிரிப்பில் அதற்கான விடை இருந்ததாகத் தோன்றிற்று.

பின்னர்ச் சூதாட்டம். சகுனி பகடையை உருட்டினான். தருமர் நாடு, நகரம், படை எல்லாவற்றையும் இழந்து, தம்பியரை வைக்கத் தொடங்கினார். நகுலன் போனான், சகாதேவன் போனான். அப்போது கட்டியக்காரர் களரியின் நடுவே வந்து, கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. தம்பிங்க நாலு பேரு. மொதல்ல போனது யாரு? நகுலன், சகாதேவன். ரெண்டும் யார் பெத்த புள்ளைங்க? மாத்திரி புள்ளைங்க. குந்தி புள்ளைங்க எல்லாம் இன்னும் வரிசையில பின்னால நிக்குது. ஏன்னு கேளுங்க மகராசா."

"ஏனடா?"

"அவங்க பர்மனென்ட்டு. இவங்க கான்ட்ராக்ட்டு!"

அந்த இரவில் எழுந்த பெருஞ்சிரிப்பு அதுதான். இளைஞர்கள் எழுந்து நின்று சீழ்க்கை அடித்தனர். பாதிப்பேர் ஏதோ ஒரு கம்பெனியின் சட்டையோடு வந்திருந்தார்கள். வியாச பாரதத்திலேயே சகுனி இதைச் சொல்லிக் குத்துகிறான்: மாத்திரியின் மக்களை வைத்து இழந்தாய், பீமனும் அருச்சுனனும் உனக்கு அவர்களினும் அருமையானவர்கள் போலும் என்று. பல நூற்றாண்டுகளாகக் காவியத்தில் உறங்கிக்கிடந்த முள்ளை எடுத்து, ஒரகடத்துக் காலில் தைத்துவிட்டார் அந்த மனிதர்.

நம்முடைய ஓட்டுநர் நண்பர் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனார். தாங்கமாட்டாமல் வலக்கையால் நமது முழங்காலில் அறைந்தார். அறைந்த கையை வேட்டியின் மேல் உணர்ந்தோம். அதில் நடுவிரலும் மோதிரவிரலும் முதற்கணுவோடு முடிந்திருக்கும். நாம் சிரிப்பதை நிறுத்திவிட்டோம். அவர் கவனித்தாரா என்று தெரியாது.

இனி அந்தக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன், உறுப்புகள் செய்யும் பட்டறை ஒன்றின் டைம் ஆபீசில் எழுத்தராக இருந்தோம். பட்டறையின் பெயர் இங்கு வேண்டாம். 2017இல் ஒரு நாள், இரண்டாம் ஷிப்டில், பிரஸ் இயந்திரத்தில் ஒரு பையனின் கை அகப்பட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்த பையன். இயந்திரத்தின் வாய்க்குள் கை நுழைந்தால் அது தானாக நின்றுவிடும்படி ஒரு சென்சார் உண்டு. அது மூன்று நாளாக வேலை செய்யவில்லை. எண்ணிக்கை குறையக் கூடாதென்று இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தனர். பழுதுச் சீட்டு நமது மேசை வழியாகத்தான் போயிற்று. ஆகவே நமக்குத் தெரியும். அறிக்கையில் 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மேலே இருந்தவர் இரண்டு சொற்களைச் சொன்னார். நாம் எழுதினோம்: 'தொழிலாளியின் கவனக்குறைவு.'

அந்தச் சொற்களால் அவருக்கு வர வேண்டிய ஈ.எஸ்.ஐ. தொகை குறையவில்லை. தவறு எவருடையது என்று பார்த்து அவர்கள் கொடுப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி நமது மனத்தைப் பல காலம் சமாதானப்படுத்தி வந்தோம். ஆனால் விரல்கள் ஆறியதும் ஒப்பந்தக்காரர் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இரண்டு இடங்களிலும் கிடைக்கவில்லை. கவனக்குறைவானவர் என்ற சொல் அவருக்கு முன்பாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பின்னர் எப்படியோ கடன் வாங்கி வண்டி எடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியில் தற்செயலாக ஏறினோம். "சார், டைம் ஆபீஸ் சார்தானே?" என்று மகிழ்ந்து கேட்டார். அன்றிலிருந்து நம்மிடம் அவர் கட்டணம் வாங்கியதில்லை. எத்தனை முறை நீட்டினாலும் கையைத் தள்ளிவிடுவார். அந்தக் கையால்.

நள்ளிரவுக்கு மேல் இரண்டு மணி இருக்கும். குழந்தைகள் உறங்கிவிட்டன. தருமர் தம்மையும் வைத்து இழந்து, பாஞ்சாலியையும் வைத்து இழந்தார். அவளை அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டும். கூத்தில் ஏவலாளன் யார்? கட்டியக்காரர்தான். "போடா, அந்த அடிமையை இழுத்து வா" என்றான் துரியோதனன். அவர் போகும்போது குல்லாயைக் கோணலாக வைத்துக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி போனார். கூட்டம் சிரித்தது. திரும்பி வந்தபோது குல்லாய் கையில் இருந்தது.

"அம்மா ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க மகராசா. அவரு தன்னைத் தோத்த பொறவு என்னை வெச்சாரா, அதுக்கு முன்னால வெச்சாரா? தன்னையே தோத்தவருக்கு என்னை வெக்க ஏது பாத்தியதைன்னு கேக்கறாங்க."

துரியோதனன் பதில் சொல்லவில்லை. பீட்டுமரும் துரோணரும் ஆன இருவர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தனர். கட்டியக்காரர் நம் பக்கம் திரும்பினார். "பெரியவங்கள்லாம் உக்காந்திருக்கீங்க. அம்மா கேக்குது. ஒருத்தராவது பதில் சொல்லுங்க" என்றார். எங்கோ ஒருவர் பழக்கத்தால் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். முன் வரிசையிலிருந்து நம் வரிசை வரை அவருடைய பார்வை நகர்ந்தது. நாம் தலை குனிந்தோம். நூறு பேர் குனிந்திருப்பார்கள். இருந்தும் அந்தப் பார்வை நம்மைத் தேடி வந்ததாகவே உணர்ந்தோம்.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனோடு ஒரு கோமாளி திரிவான். மூன்றாம் அங்கத்துக்குப் பின் அவன் வருவதே இல்லை. எங்குப் போனான் என்று நாடகம் சொல்வதும் இல்லை. துன்பம் முற்றும் இடத்தில் சிரிப்புக்கு வேலை இல்லை என்று அந்த மகாகவி கருதினார் போலும். கூத்தில் கோமாளிக்கு அந்த விடுதலை கிடையாது. விடியும்வரை அவர் களரியில் நின்றே ஆக வேண்டும். சிரிக்க வைத்த அதே வாயால் கேள்வியையும் கொண்டுவர வேண்டும். கௌரவருள் விகர்ணன் ஒருவனே எழுந்து நியாயம் பேசுகிறான் என்பது கதை. அன்று குழுவில் விகர்ணனாக வேடமிட ஆள் போதவில்லை. குல்லாயைத் தரையில் வைத்துவிட்டு, விகர்ணனுடைய சொற்களையும் கட்டியக்காரரே சொன்னார். நான்கு வரிகள் இருக்கும். சொல்லிவிட்டு மறுபடியும் குல்லாயை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

துகில் உரியும் நேரத்தில் கற்பூரம் ஏற்றினர். துச்சாதனனாக ஆடியவர் முதலில் அம்மன் சந்நிதி நோக்கி விழுந்து வணங்கி எழுந்தார். பெண்கள் எழுந்து நின்று கைகூப்பினர். அதைப் பற்றி அதிகம் எழுத நமக்கு மனமில்லை.

மங்களம் பாடியபோது கிழக்கு வெளுத்திருந்தது. அடிபம்பின் அருகே கட்டியக்காரர் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். நண்பர் அவரிடம் போய் நூறு ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். நகைச்சுவையாக ஏதாவது சொல்வார் என்று நாம் எதிர்பார்த்தோம். "முதுகு புடிச்சிக்கிச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஒரகடம் நாற்சந்தியில் தேநீர்க் கடை திறந்திருந்தது. முதல் ஷிப்டுக்கான பேருந்துகள் வரிசையாய் வந்துகொண்டிருந்தன. இரண்டு கண்ணாடிக் குவளைகள் கையில் வந்த பிறகு, வேறு எதையும் பேசாமல், அந்த அறிக்கையை எழுதியது நாமே என்று அவரிடம் சொன்னோம். சென்சார் கழற்றியிருந்ததை அறிந்தே எழுதினோம் என்பதையும் சொன்னோம்.

அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"தெரியும் சார். ஆஸ்பத்திரியில நகல் குடுத்தாங்க. எழுத்து முத்து முத்தா இருந்துது. அட்டெண்டன்ஸ்ல பாத்த எழுத்துதானே."

நமக்குப் பேச நா எழவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவரே சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "சென்சார் வேலை செய்யலன்னு ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம் சார். ஒரு வரி."

"படப்பை போகுமா?" என்று இரண்டு பெண்கள் வண்டியருகே வந்து கேட்டனர். அவர் எழுந்தார். நாமும் ஏறிக்கொண்டோம். வழியில் மற்றவர்களும் ஏறினர், பேச இடமில்லை. நமது நிறுத்தத்தில் இறங்கி, வழக்கம்போல் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினோம். இம்முறை அவர் கையைத் தள்ளவில்லை. தாளை வாங்கி, சட்டைப் பையில் துழாவி, சரியான மீதியை எண்ணி நமது உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னிக்கு ராத்திரி அருச்சுனன் தபசு சார். ஒன்பதரைக்கு இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.